ஜெனரல் பாடி மினிட்ஸ் பாக்க உறுப்பினருக்கு உரிமை இருக்கா இல்லையா?

9 ஜூன் 2025, காலை (கேள்வி)

எங்க அபார்ட்மென்ட்ல 64 வீடு. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவான சங்கம். போன செப்டம்பர் ஏஜிஎம்ல (வருஷா வருஷம் நடக்குற பொதுக்குழு) லிஃப்ட் மாத்துறது பத்தி காரசாரமா பேசினோம், கடைசியில என்ன முடிவாச்சுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இப்ப திடீர்னு வீட்டுக்கு 38,000 ரூபாய் கட்டுங்கன்னு சர்க்குலர் வந்திருக்கு, 'பொதுக்குழு தீர்மானப்படி'ன்னு போட்டு. அந்தத் தீர்மானத்தைக் காட்டுங்க, மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) குடுங்கன்னு வாட்ஸ்அப் குரூப்ல கேட்டேன். செயலாளர், 'அது கமிட்டியோட இன்டர்னல் டாக்குமென்ட், மெம்பர்ஸுக்குக் குடுக்குற வழக்கம் இல்ல'ன்னுட்டார். கூடவே ரெண்டு பேர் 'எதுக்கு சார் சந்தேகப்படுறீங்க'ன்னு என்னைக் கேக்குறாங்க. பாக்க உரிமை இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.

9 ஜூன், ராத்திரி (பதில்)

பாக்கலாம். பொதுக்குழுன்னாலே உறுப்பினர்கள்தான். நீங்க உக்காந்து, நீங்க பேசி, நீங்க கை தூக்கி நிறைவேத்தின தீர்மானம் உங்களுக்கே இன்டர்னல் டாக்குமென்ட்டா? உங்க செயலாளர் ரெண்டு நோட்டை ஒண்ணாப் போட்டுக் குழப்புறார். பொதுக்குழு மினிட்ஸ் ஒண்ணு, செயற்குழு, அதாவது கமிட்டி, மினிட்ஸ் ஒண்ணு. ரெண்டாவதுல வாதம் பண்ண இடம் இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன். முதலாவதுல வாதமே கிடையாது.

ரெண்டு விஷயம் உடனே பண்ணுங்க. பைலாவை (சங்கத்தோட விதிமுறைகள்) எடுத்து கூட்டம், பதிவேடு, நகல்னு வர்ற எல்லா விதியையும் படிங்க. கையில பைலா இல்லைனா மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல பணம் கட்டி சான்றிட்ட நகல் வாங்கலாம், அங்க தாக்கலாகியிருக்குறதுதான் செல்லுபடியாகுற பைலா, உங்க செயலாளர் டிராயர்ல இருக்குறது இல்ல. அடுத்தது, வாட்ஸ்அப்ல கேக்குறத இன்னைக்கோட நிறுத்துங்க. அங்க கேட்டா அது சண்டையாத்தான் முடியும், நாளைக்கு 'எங்ககிட்ட யாரும் முறையா கேக்கவே இல்ல'ன்னும் சொல்லிடுவாங்க.

10 ஜூன்

சட்டம் எங்க என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா 'சங்கம்'னு பொதுவா சொல்றோமே தவிர, எந்தச் சட்டத்துக்குக் கீழ பதிவாச்சோ அதப் பொறுத்து நிலைமை மாறும்.

கம்பெனியா பதிவான கிளப்புன்னா (டெல்லி ஜிம்கானா அப்படித்தான்) விஷயம் தெளிவா இருக்கு. 2013 கம்பெனி சட்டம் 118ஆம் பிரிவு, கூட்டம் முடிஞ்சு 30 நாளுக்குள்ள மினிட்ஸை பக்க எண் வரிசையா போட்ட புத்தகத்துல ஏத்தணும். 119ஆம் பிரிவு, பொதுக்கூட்ட மினிட்ஸ் புத்தகத்தை எந்த உறுப்பினரும் ஆபீஸ் நேரத்துல காசு குடுக்காம பாக்கலாம், நகல் கேட்டா ஏழு வேலை நாளுக்குள்ள தரணும், பக்கத்துக்கு 10 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாது. போன மூணு நிதியாண்டுக்கு உண்டானதை சாஃப்ட் காப்பியா கேட்டா அதுக்குக் காசே கிடையாது. மறுத்தா கம்பெனிக்கு 25,000 ரூபாய் அபராதம், பொறுப்புல இருக்குற ஒவ்வொருத்தருக்கும் 5,000. ஆனா இது பொதுக்கூட்டத்துக்கு மட்டும்தான், இயக்குநர் போர்டு மினிட்ஸை சாதாரண உறுப்பினர் இந்தப் பிரிவை வச்சுக் கேக்க முடியாது.

மகாராஷ்டிரா ஹவுசிங் சொசைட்டி இன்னும் ஒரு படி மேல. என் மச்சினர் முலுண்ட்ல இருக்கார், அங்க 1960 கூட்டுறவுச் சட்டத்துலயே பொதுக்குழு மினிட்ஸ், கமிட்டி மினிட்ஸ் ரெண்டையும் உறுப்பினர் இலவசமா பாக்கலாம்னு பேர் சொல்லி எழுதியிருக்கு. பணம் கட்டினா நகலும் தரணும். அவர்கிட்ட உங்க செயலாளர் சொன்னதைச் சொன்னேன், அவருக்கு நம்பவே முடியல.

நம்ம ஊர் 1975 சட்டத்துச் சங்கத்துக்கு முதல் ஆயுதம் பைலாதான். அந்தச் சட்டப்படியே வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டணும், கணக்கைத் தணிக்கை பண்ணி வைக்கணும், செயற்குழுவோட காலம் மூணு வருஷத்தைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் நடந்துச்சுன்னு காட்டுற முக்கிய ஆதாரம் மினிட்ஸ்தான், அது இல்லாம ஒரு கமிட்டி தன்னைத் தேர்ந்தெடுத்ததையே நிரூபிக்கிறது கஷ்டம். இத அவங்ககிட்ட பொறுமையா சொல்லிப் பாருங்க, ஒளிச்சு வைக்கிறதால அவங்களுக்குத்தான் ஆபத்து.

10 ஜூன், மதியம்

கடிதம் எப்படி எழுதுறதுன்னு கேட்டிருந்தீங்க. கோவம், குத்தல், 'ஊழல்' எதுவும் வேண்டாம். இவ்வளவு போதும்:

'கடந்த செப்டம்பரில் நடைபெற்ற ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் வருகைப் பதிவேட்டையும் பார்வையிட்டு நகல் பெற விரும்புகிறேன். நகலுக்கான செலவை ஏற்கிறேன். எந்த நாள், எந்த நேரம் வரலாம் என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.'

ரெண்டு பிரதி எடுங்க. ஒண்ணுல 'பெற்றுக்கொண்டேன்'னு கையெழுத்து வாங்குங்க. வாங்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல, கிடைச்சதுக்கு அத்தாட்சி வர்ற மாதிரி அனுப்புங்க, அதே பில்டிங்கா இருந்தாலும் பரவால்ல. எதுக்குன்னு காரணம் எழுதவே வேண்டாம். காரணம் எழுதினா அந்தக் காரணம் சரியா தப்பான்னு அவங்க தீர்ப்பு சொல்ல உக்காந்துருவாங்க.

12 ஜூன்

'சந்தேகப்படுறீங்களா'ங்குற கேள்வி நேத்துலேர்ந்து மனசுல ஓடிட்டே இருக்கு, ஏன்னா இதே கேள்வியை எங்க அபார்ட்மென்ட்லயும் கேட்டிருக்காங்க.

சில வருஷம் முன்னாடி மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங். பொதுக்குழுல நாங்க சொன்னது, மூணு கொட்டேஷன் வாங்குங்க, வாங்கிட்டு மறுபடி எங்ககிட்ட வாங்க, அப்புறம் முடிவு பண்ணலாம். நான் அந்தக் கூட்டத்துல இருந்தேன், எங்க மாடி அக்கா எழுந்து 'கம்மி ரேட்டுக்காரன வேண்டாம், கேரன்டி யாரு குடுக்குறாங்கன்னு பாருங்க'ன்னு சொன்னது கூட ஞாபகம் இருக்கு. மினிட்ஸ் யாருக்கும் வரல, நாங்களும் கேக்கல. வேலை நடந்துச்சு, அடுத்த மழைக்கு மேல் மாடி வீட்டுல சீலிங் மறுபடி ஊறி பெயின்ட் உரிஞ்சு வந்துச்சு. அப்பதான் போய் நோட்டைப் பாத்தோம். அதுல இருந்த வரி: 'மேற்படி பணியைத் தகுந்த ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்க செயற்குழுவுக்கு முழு அதிகாரம் வழங்கி ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

கொட்டேஷன் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அக்கா பேசினது இல்ல. எதிர்த்து கை தூக்கினவங்க இல்ல.

எழுதினவர் கெட்டவரா? இல்ல, இப்பவும் அவர் நல்லவர்னுதான் சொல்லுவேன், சொந்த நேரத்தைப் போட்டு சங்கத்துக்கு உழைச்சவர். கூட்டம் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு, பழைய மினிட்ஸ்லேர்ந்து வாசகத்தை எடுத்து, பேரும் தேதியும் மாத்தி எழுதியிருக்கார். 'முழு அதிகாரம் வழங்கி ஒருமனதாக'ங்குறது அந்த நோட்டுல எல்லா பக்கத்துலயும் இருந்துச்சு. ஆனா நாங்க கான்ட்ராக்டர் பத்தி கேள்வி கேட்டப்ப, நீங்கதானே அதிகாரம் குடுத்தீங்கன்னு அந்த வரியத்தான் காட்டினாங்க, எங்ககிட்ட பதில் இல்ல. ஒரே ஒரு வாரத்துக்குள்ள அது எங்க கைக்கு வந்திருந்தா அக்கா அங்கயே திருத்தியிருப்பாங்க. மினிட்ஸ் கேக்குறவன் யாரையும் திருடன்னு சொல்லல. நாம என்ன முடிவு பண்ணோம்னு எழுதினது சரியாங்குறதைப் பாக்க, அங்க இருந்தவங்களத் தவிர வேற யாரால முடியும்?

14 ஜூன்

கொஞ்சம் வேற பக்கம் போறேன், ஆனா சம்பந்தம் இருக்கு.

எங்க வீட்டுல சமைக்கிற அக்கா ஒரு மகளிர் சுய உதவிக் குழுல ஊக்குநர், அதாவது குழுவை முன்னால நின்னு நடத்துறவங்க. தமிழ்நாட்டுல இந்தக் குழுக்கள் 1989ல தர்மபுரி மாவட்டத்துல ஆரம்பிச்சது. நேத்து அவங்க தீர்மான நோட்டைக் கேட்டு வாங்கிப் பாத்தேன். நீளமான நோட்டு, பிரவுன் அட்டை, மூலையெல்லாம் எண்ணெய்க் கறை. ஒவ்வொரு பக்கத்துலயும் மேல தேதி, எடம், எத்தனை பேர் வந்தாங்க, யார் வரல, வராததுக்கு என்ன காரணம். அப்புறம் தீர்மானம் 1, தீர்மானம் 2. யாருக்குக் கடன், எவ்வளவு, எதுக்கு, எத்தனை தவணை. தீர்மானத்துக்குக் கீழயே வந்தவங்க அத்தனை பேரோட கையெழுத்து, ஒருத்தங்க மட்டும் கைநாட்டு, பக்கத்துல அவங்க பேரை வேற ஒருத்தங்க எழுதியிருக்காங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கைநாட்டு வாங்குவாங்களாம். எழுந்திருக்குறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சுரும், பேங்க்ல லோன் கேட்டுப் போனா மொதல்ல அந்த நோட்டைத்தான் புரட்டுவாங்களாம்.

'நோட்டு யார்கிட்டக்கா இருக்கும், வேற யாராவது பாக்கலாமா'ன்னு கேட்டேன். 'எல்லார் காசும் அதுலதானே இருக்கு, பாக்காம எப்படி?'ன்னாங்க.

அபார்ட்மென்ட் சங்கத்துல இன்ஜினியர், ஆடிட்டர், வக்கீல் எல்லாம் இருக்கோம், இந்த அளவுக்கு ஒரு நோட்டு நம்மகிட்ட இல்லைங்குறது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு.

15 ஜூன்

ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடலாமான்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க, சேத்து பதில் சொல்லிடுறேன்.

சங்கத்துக்கு நேரா போட முடியாது. தலப்பளம் சர்வீஸ் கூட்டுறவு வங்கி வழக்குல 2013 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது இதான்: பதிவாளர் கண்காணிக்கிறார்ங்குறதால மட்டும் ஒரு கூட்டுறவு சங்கம் 'பொது அதிகார அமைப்பு' ஆயிடாது, அரசு கணிசமா நிதி குடுக்கணும் இல்ல நடத்துறதையே அரசு கையில வச்சிருக்கணும். கூட்டுறவு சங்கத்துக்கே அப்படின்னா உங்க அபார்ட்மென்ட் சங்கத்தை அதுக்குள்ள இழுக்க முடியாது. ஆனா அதே தீர்ப்புல இன்னொரு கதவும் இருக்கு, அத யாரும் சொல்றதில்ல. பதிவாளர்கிட்ட இருக்குற தகவல், அவர் சட்டப்படி சங்கத்துகிட்டேர்ந்து கேட்டு வாங்கக்கூடிய தகவல், ரெண்டையும் பதிவாளர்கிட்ட ஆர்டிஐ போட்டுக் கேக்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எந்த வருஷம், எந்த ஆவணம்னு குறிப்பா எழுதுங்க. 30 நாள்ல பதில் வரணும். தணிக்கை அறிக்கை, நிர்வாகிகள் மாறின விவரம் எல்லாம் அங்க தாக்கலாகியிருக்கணும், ஆகலைனா அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

கிராம சபைன்னா இந்தத் தலைவலியே இல்ல, ஊராட்சி அரசு அமைப்பு, தீர்மான நகலை நேரா ஆர்டிஐல வாங்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாள்ல எந்தக் கூட்டமா இருந்தாலும்.

19 ஜூன்

சந்தோஷமான செய்தி. கடிதம் வேலை செஞ்சிருக்கு, ஞாயித்துக்கிழமை காலையில வந்து ஆபீஸ் ரூம்ல பாத்துக்கோங்க, போட்டோ எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாம். போட்டோ விஷயத்துக்கு இப்ப மல்லுக்கட்ட வேண்டாம், நோட்டும் பேனாவும் கொண்டு போங்க, கூட இன்னொரு உறுப்பினரையும் கூட்டிட்டுப் போங்க. புத்தகத்தைத் திறந்ததும் தீர்மானத்துக்கு ஓடாதீங்க. மொதல்ல பக்க எண். அச்சடிச்ச எண்ணா கையில போட்டதா, நடுவுல ஏதாவது பக்கம் காணலையா. கம்ப்யூட்டர்ல அடிச்சு ஒட்டியிருந்தா, ஒட்டின தாளுக்கும் புத்தகப் பக்கத்துக்கும் குறுக்கால வர்ற மாதிரி கையெழுத்து இருக்கான்னு பாருங்க. பழைய 1956 கம்பெனி சட்டம் 193ஆம் பிரிவுலயே மினிட்ஸை ஒட்டவே கூடாதுன்னு எழுதி வச்சிருந்தாங்க. சங்கத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னாலும் ஏன் அப்படி எழுதினாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஒட்டினதை உரிச்சுட்டு வேற ஒட்டலாமே.

அடுத்தது வெத்து எடம். மினிட்ஸோட கடைசி வரிக்கும் தலைவர் கையெழுத்துக்கும் நடுவுல எவ்வளவு எடம் விட்டிருக்காங்க, அதுல குறுக்கு கோடு போட்டு அடைச்சிருக்காங்களா. பழைய காலத்து குமாஸ்தாக்கள் ஒரு விரல் அகலம் கூட விட மாட்டாங்க, ஸ்கேல் வச்சு இசட் மாதிரி ஒரு கோடு இழுத்துடுவாங்க. கடைசி தீர்மானம் மட்டும் எழுத்து நெருக்கமா, பேனா மை வேற கலரா இருந்தா நின்னு படிங்க.

முக்கியமா வருகைப் பதிவேடு. கூட்டத்துக்குள்ள போறப்ப ஒரு தாள்ல கையெழுத்து வாங்குவாங்கள்ல, அந்தத் தாள்ல மேல தலைப்பு என்ன போட்டிருக்குன்னு பாருங்க. தலைப்பே இல்லாத வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கி, அப்புறம் அதையே 'கீழே கையொப்பமிட்டோர் மேற்படி தீர்மானத்தை ஏற்கிறோம்'னு தீர்மானத்தோட சேத்து பின் பண்றது நிறைய எடத்துல நடக்குது. இனிமே எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கையெழுத்துப் போட்டு பக்கத்துலயே தேதியும் 'வருகை'ன்னும் எழுதிடுங்க.

22 ஜூன், மதியம்

போயிட்டு வந்து விவரமா எழுதியிருக்கீங்க, நன்றி. படிச்சவங்களுக்கு சுருக்கம்: பக்க எண் சரியா இருக்கு, ஒட்டு வேலை இல்ல, வருகைத் தாள்ல தலைப்பும் இருக்கு. லிஃப்ட் பத்தி எழுதியிருக்குறது ஒரே வரி, 'லிஃப்ட் மாற்றுவது குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது, செயற்குழு உரிய நடவடிக்கை எடுக்கும்.' அவ்வளவுதான். 38,000 இல்ல, மொத்தத் தொகை இல்ல, எத்தனை லிஃப்ட்டுன்னு கூட இல்ல, முன்மொழிந்தவர் வழிமொழிந்தவர் பேரும் இல்ல.

அப்ப இதுல திருட்டு எதுவும் இல்லைன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். நானும் திருட்டுன்னு சொல்லல. ஆனா 'பொதுக்குழு தீர்மானப்படி'ன்னு போட்டு பணம் கேக்க அந்த வரி போதாது. விவாதிச்சோம்ங்குறது தீர்மானம் ஆகாது. தீர்மானம்னா என்ன வேலை, எவ்வளவுக்குள்ள, பணம் எங்கேர்ந்து, கார்பஸ்லேர்ந்தா (சங்கத்தோட சேமிப்பு நிதி) வீட்டு வீட்டுக்கு வசூலா, சதுர அடிக்கா சமமாவா, இவ்வளவும் இருக்கணும். இதையே ரெண்டாவது கடிதமா எழுதுங்க: 'நான் பார்வையிட்ட நடவடிக்கைக் குறிப்பில் மேற்படி தொகைக்கான தீர்மானம் காணப்படவில்லை. அத்தீர்மானம் எந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில் நிறைவேற்றப்பட்டது என்பதைத் தெரிவிக்கவும்.'

பணம் கட்டாம இருக்கச் சொல்லல. லிஃப்ட் நின்னு போனா நாலாவது மாடியில இருக்குற வயசானவங்க என்ன பண்ணுவாங்க? முறையா ஒரு கூட்டம் போட்டு முடிவு பண்ணச் சொல்லுங்க, அதான் விஷயம்.

22 ஜூன், ராத்திரி

விட்டுப் போச்சு. பதிவாளர் விசாரணைன்னு யாரோ குதிக்கிறாங்க. 1975 சட்டத்தோட 36ஆம் பிரிவு விசாரணை கேக்கணும்னா உறுப்பினர்ல மூணுல ஒரு பங்கு பேர் மனு குடுக்கணும், உங்களுக்கு 64ல 22 பேர். அது கடைசி வழி. இப்ப தேவையே இல்ல, பதில் வரட்டும்.

24 ஜூன்

செயற்குழு மினிட்ஸ் பத்தி அப்புறம் வரேன்னு சொன்னேன். மொதல்ல என் எண்ணம், மகாராஷ்டிரால குடுக்குறாங்கள்ல, இங்கயும் எல்லாத்தையும் அப்படியே நோட்டீஸ் போர்டுல ஒட்டட்டும்ங்குறதுதான். ரெண்டு நாளா அத மறுபடி யோசிக்கிறேன், ஏன்னா எங்க சங்கத்துல முன்னாடி பொருளாளரா இருந்த பெரியவர்கிட்ட பேசினேன். அவர் சொன்னது: 'கமிட்டில என்னென்ன பேசுவோம் தெரியுமா, ஒரு வீட்டுல ஆறு மாசமா மெயின்டெனன்ஸ் வரலைனா அந்த வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ்னு எங்களுக்குத் தெரியும், வட்டி போட வேண்டாம்னு முடிவு பண்ணுவோம். வாட்ச்மேன் பொண்ணு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கேட்டிருப்பார். ரெண்டு வீட்டுக்கு நடுவுல சண்டை. இதெல்லாம் போர்டுல போடலாமாம்மா?'

போடக் கூடாது. நூத்துக்கு நூறு அவர் சொல்றது சரி. ஆனா அதைச் சாக்கா வச்சு பத்து லட்சம் ரூபாய் கான்ட்ராக்ட்டை மூடி வைக்கிறதையும் ஏத்துக்க முடியாது. அதனால எனக்கு இப்ப தோணுறது: பணம், ஒப்பந்தம், வேலை ஆள் சேக்குறது நீக்குறது, எல்லாருக்கும் பொதுவான விதி, இதுல செயற்குழு எடுத்த முடிவு எல்லாம் உறுப்பினர் பாக்கணும். யார் என்ன பேசினாங்கன்னு வேண்டாம், முடிவு மட்டும். தனி மனுஷங்க விஷயத்துக்கு வீட்டு நம்பர், பேர் எடுத்துட்டு 'ஒரு உறுப்பினரின் வட்டி தள்ளுபடி செய்யப்பட்டது, தொகை இவ்வளவு'ன்னு போட்டா போதும். தொகை தெரியணும், ஆள் தெரிய வேண்டாம்.

பெரியவர் இதுக்கு ஒத்துக்கிட்டார். 'இப்படி ரெண்டு பகுதியா எழுதணும்னா வேலை ஜாஸ்தி'ன்னார். ஜாஸ்திதான். எழுதுறதுக்கு ஒரு இளவட்டத்தைக் கூட வச்சுக்கட்டும், நான் வந்து அடிச்சுத் தரேன்னு சொல்லியிருக்கேன்.

25 ஜூன்

உத்திரமேரூர் கல்வெட்டு பத்தி ஒருத்தர் நினைவுபடுத்தினார். எல்லாரும் குடவோலைக்காக அதச் சொல்லுவாங்க. நான் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல அதப் பாத்தப்ப எனக்கு வேற ஒண்ணு தோணிச்சு. 921ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒரு முழு மினிட்ஸ். பராந்தக சோழனோட எத்தனாவது ஆட்சி வருஷம், ராஜா சார்பா சோமாசிப்பெருமான் உடனிருந்தார், சபை எடுத்த முடிவு, கடைசியில எழுதினவர் பேர் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன். வாரியத்துல (அந்தக் காலத்து கமிட்டி) இருந்துட்டு கணக்கு காட்டாம போனவன் பேரையும் அவன் சொந்தக்காரங்க பேரையும் குடத்துல போடக் கூடாதுன்னு விதி. அத்தனையையும் ஊர்க்காரங்க தெனமும் போய்வர்ற எடத்துல கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. எவனும் யார்கிட்டயும் சாவி கேக்க வேண்டாம்.

6 ஜூலை

யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கார், அங்க சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம்னு எந்தக் கூட்டமா இருந்தாலும் கடவுள் வணக்கம் முடிஞ்சதும் செயலாளர் எழுந்து சென்ற கூட்டத்து அறிக்கையை முழுசா வாசிப்பாராம். திருத்தம் இருந்தா அங்கயே எழுந்து சொல்லணும், அப்புறம் ஒருத்தர் முன்மொழிய ஒருத்தர் வழிமொழிஞ்சு ஏத்துக்கிட்டுத்தான் அடுத்த வேலை. 'அரை மணித்தியாலம் அதிலேயே போகும், ஆனா ஒருவரும் பிறகு இல்லையெண்டு சொல்லேலாது'ன்னு எழுதியிருக்கார். இங்கயும் ஒரு காலத்துல இருந்த வழக்கம்தான், இப்ப 'மினிட்ஸ் டேக்கன் ஆஸ் ரெட்'னு ஒரு வரியில தாண்டிடுறோம். வாசிக்காததை எப்படி வாசிச்சதா எடுத்துக்குறது?

வருஷத்துக்கு ஒரு தடவை கூடுற பொதுக்குழுக்கு வாசிக்கிறது மட்டும் போதாது, ஒரு வருஷம் கழிச்சு யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்? வரைவை ஒரு வாரத்துல எல்லாருக்கும் அனுப்பி, திருத்தம் சொல்ல ரெண்டு வாரம் குடுத்து, வந்த திருத்தத்தை ஏத்தோமா இல்லையான்னு பதில் போட்டு, அப்புறம் தலைவர் கையெழுத்து. மகாராஷ்டிராவோட மாடல் பைலாலயும் வரைவை அனுப்பிக் கருத்து வாங்குற முறை இருக்கு. நான் இணைச் செயலாளரா இருந்தப்ப இன்னும் சுலபமா ஒண்ணு பண்ணோம். ஒவ்வொரு தீர்மானத்தையும் ஓட்டுக்கு விடுறதுக்கு முன்னாடி ப்ரொஜெக்டர்ல அடிச்சுக் காட்டிடுவேன், சபையே வாசகத்தைத் திருத்தும், 'உரிய'ங்குறதை எடு, தொகையைப் போடுன்னு கத்துவாங்க, அப்புறம்தான் கை தூக்குவாங்க. கூட்டம் முடியறப்ப முக்கால்வாசி மினிட்ஸ் ரெடி.

20 ஜூலை

கேள்வி கேட்டவர்கிட்டேர்ந்து செய்தி. ரெண்டாவது கடிதத்துக்கு எழுத்துல பதில் வந்திருக்கு, அந்தத் தொகைக்குத் தனித் தீர்மானம் இல்ல, சர்க்குலரை நிறுத்தி வைக்கிறோம், லிஃப்ட்டுக்கு ஆகஸ்ட்ல சிறப்புப் பொதுக்குழு கூட்டி மூணு கொட்டேஷனையும் முன்கூட்டியே அனுப்புறோம்னு. செயலாளர் நேர்ல பாத்து, 'வாட்ஸ்அப்ல எல்லார் முன்னாடியும் கேட்டதுதான் எனக்குக் கஷ்டமா போச்சு, மத்தபடி மறைக்க ஒண்ணுமில்ல'ன்னாராம். நம்புறேன். சம்பளம் இல்லாம பாக்குற வேலை, அவரையும் பகைச்சுக்காம இத முடிச்சதுக்கு உங்களுக்குப் பாராட்டு.

இன்னும் முடியல ஆனா. ஏஜிஎம்ல பைலா திருத்தம் கொண்டு வரப் போறோம்னு சொல்லியிருக்கீங்க, பொதுக்குழு மினிட்ஸ் வரைவு எத்தனை நாள்ல வரணும், செயற்குழு முடிவுகள்ல எது எது உறுப்பினருக்குத் தெரியணும்னு. வாசகத்தை நீங்களே எழுதிக் குடுங்க, கமிட்டி எழுதட்டும்னு விடாதீங்க. பைலா திருத்தம் சிறப்புத் தீர்மானமா போகணும், அதுக்கு 21 நாள் நோட்டீஸ் வேணும், நோட்டீஸ்லயே சிறப்புத் தீர்மானம்னு குறிப்பிட்டிருக்கணும், வந்து ஓட்டுப் போடுறவங்கள்ல நாலுல மூணு பங்கு பேர் ஆதரிக்கணும், அப்புறம் பதிவாளர்கிட்ட பதிவு பண்ணணும். செப்டம்பர் கடைசி ஞாயிறு 28ஆம் தேதி, அன்னைக்குக் கூட்டம்னா செப்டம்பர் முதல் வாரத்துலயே நோட்டீஸ் எல்லா வீட்டுக்கும் போயிருக்கணும். வாசகம் ரெடியானா இங்க போடுங்க, எல்லாருமா சேந்து ஒரு தடவை பாத்துடலாம்.